கோதுமை இல்லாத மாத்திரை

மலேசியாவில், ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில், மீன்பிடிப் படகில் வேலை செய்தபோது இரண்டு முறை மயங்கி விழுந்தேன். இரண்டாம் முறை வலையின் மேலேயே விழுந்தேன். உடம்பில் ரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்னார்கள். படகு முதலாளி சீனர். ரத்தம் ஏறியதும் வா, அதுவரை உன் இடம் இருக்கும் என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார்.

பத்து காஜா ஊர் மருத்துவமனையில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். என் குடலுக்குக் கோதுமை ஆகாது, அதனால்தான் சாப்பிடுவது உடம்பில் ஒட்டவில்லை என்றார்கள். சாப்பிடக் கூடாதவற்றை மலாயில் எழுதிய ஒரு தாளும் கொடுத்தார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். முதல் வரியில் கோதுமை என்று இருந்தது. தெரிந்ததுதானே என்று மடித்துப் பையில் வைத்தேன். ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவை நிறுத்தினேன். மீ கோரெங் நூடுல்ஸையும் நிறுத்தினேன்.

மாத்திரைதான் சிக்கல். இரும்புச்சத்தும் வைட்டமினும் வேண்டும், அதில் கோதுமை மாவு கலந்திருக்கக் கூடாது. ஈப்போவில் நாலைந்து மருந்துக்கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில், இது இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்றார்கள். நான் கேட்டது அதுவல்ல. இன்னொரு கடையில் புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மாவுச்சத்து என்று போட்டிருக்கிறது, எந்த மாவு என்று போடவில்லை என்றார்கள். கடைசிக் கடையில் இருந்த தமிழ்ப் பெண் கம்பெனிக்கே போன் போட்டாள். சோள மாவுதான் என்று பதில் வந்த பிறகே புட்டியை என் கையில் கொடுத்தாள்.

அப்போது பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயம் ஒன்றில் தங்கியிருந்தேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்தில் நாலு வீடுதான் மிச்சம். எதிர்வீட்டு அக்கா சாப்பாடு போட்டார். இரும்பு மாத்திரை சூடு, வெறும் தண்ணீரில் விழுங்கினால் வயிறு வெந்துபோகும் என்பார். தினமும் காலையில் பார்லி காய்ச்சி, கல்கண்டு போட்டு, பெரிய மங்குக் குவளையில் கொடுப்பார். அதில்தான் விழுங்கினேன். ஒரு நாளும் தவறவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சோதித்தார்கள். ரத்தம் ஏறவில்லை. வயிறும் உப்பியபடியே இருந்தது. மாத்திரைமேல் சந்தேகம் வந்து அந்த மருந்துக்கடைப் பெண்ணிடமே போனேன். எதில் விழுங்குகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஆஸ்பத்திரித் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். பார்லி.

“அண்ணே, மாத்திரையில என்ன மாவுன்னு நான் போன் போட்டுக் கேட்டேன். நீங்க அதப் பார்லித் தண்ணியில முழுங்கியிருக்கீங்க லா.”

கோதுமையில் என் குடலைக் கெடுப்பது எதுவோ அது பார்லியிலும் இருக்கிறது என்றாள்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அன்றைய பார்லியைக் குவளையில் ஊற்றி வைத்திருந்தார்.

“சீக்காளிக்குத்தானே தம்பி பார்லி குடுப்பாங்க?”

பிறகு அதை எடுத்துத் தானே குடித்துவிட்டு, எனக்குச் சுடுதண்ணீர் வைத்தார்.

அடுத்த சோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் பஸ் ஏறினேன். படகில் என் இடத்தில் வேறு ஆள் இருந்தான். மூன்று மாதம் காத்திருந்ததாகவும் அதற்குமேல் முடியவில்லை என்றும் முதலாளி சொன்னார். கரையில் மீன் பிரிக்கும் வேலை கொடுத்தார். இனி விழுந்தாலும் தரையில்தானே விழுவாய் என்றார்.