இரண்டு சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டை

ஃபாஸில் பல் செய்கிறவர். பிடுங்குகிறதும் பூட்டுகிறதும் டாக்டர்மாரின் வேலை. கண்டி யட்டிநுவர வீதிப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், டாக்டர்மாருக்குப் பல் செய்துகொடுக்கிற லாபில் பத்தொன்பது வருடமாக இருந்து செய்கிறார். வயது நாற்பத்தாறு. கலியாணம் இல்லை. ஆட்களின் முகம் அவருக்குத் தெரியாது, அச்செடுத்து வருகிற வாய்கள்தான் தெரியும். முன்பல் என்றால் மட்டும் டாக்டர்மார் ஆளையே லாபுக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பல்லின் நிறம் ஒரு நூல் பிசகினாலும் சிரிக்கிற நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறம் பார்க்கிற நேரம் ஃபாஸில் டியூப் லைட்டை அணைத்துவிடுவார். ஆளை வடக்கு ஜன்னலுக்குக் கூட்டிப்போய், மாதிரிப் பற்கள் கோத்த சட்டத்தை உதட்டோரம் பிடிப்பார். ஐந்து விநாடிக்கு மேல் பார்க்கமாட்டார். அதற்குமேல் பார்த்தால் கண் களைத்துப்போய் எல்லாப் பல்லும் ஒரே நிறமாகிவிடும். களைத்த கண்ணை ஆற்ற மேசையில் ஒரு சாம்பல் நிற அட்டை இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு மறுபடி பல்லைப் பார்ப்பார்.

அந்த அட்டையால் வந்ததுதான் றொசானின் சிநேகிதம்.

பதினொரு வருடத்துக்கு முந்திய கதை. றொசான் வீதி வேலைகளைப் பார்க்கிற உத்தியோகத்தர், பூர்வீகம் யாழ்ப்பாணம், வீடு கட்டுகஸ்தோட்டையில். கிரிக்கட் பந்து பட்டு முன்பல் ஒன்று பாதி போய்விட்டது. ஜன்னலடியில் வாயைத் திறந்தபடி நின்றவர் அட்டையைக் கண்டதும் வாயை மூடினார்.

“இதென்ன அட்டை?”

“கண்ணுக்கு ரெஸ்ட். வாயத் தொறங்க.”

“இது எங்கட வீட்டுக் கட்டியின்ர கலரப்பா. சின்னனில மாமா ஜேர்மனியில இருந்து லெகோ அனுப்பினவர், கோட்டை கட்டுற செட். அச்சொட்டா இதே சாம்பல்.”

“நீங்க கதச்சிக்கிட்டே ஈந்தா நான் எப்பிடிப் பல்லப் பாக்கிற?”

ஆனால் ஃபாஸிலுக்கு உள்ளே ஏதோ துள்ளியது. அவரிடமும் கட்டிகள் இருந்தன. தங்கை றிப்தாவின் மகளுக்கென்று வாங்கப்போய், கொடுக்க மனமில்லாமல் அலுமாரிக்குள் வைத்துக்கொண்டவை. வளர்ந்த மனிசன் இதை யாரிடம் சொல்வது? பல் பூட்டுகிற கிழமை றொசான் சட்டைப் பையில் நாலு கட்டியோடு மறுபடி லாபுக்கு வந்தார். ஃபாஸிலும் அறையிலிருந்து கொண்டுவந்திருந்த தன்னுடைய கட்டி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

“ரெண்டும் வேற.”

“ஊத்தையாக்கும். இருபது வருசப் பழசெல்லோ.”

“ஊத்த இல்ல. ஒங்கடதுல ஒரு சொட்டுத் தேத்தண்ணி ஈக்கிது. என்டதுல ஒரு சொட்டு நீலம்.”

தேடிப் பார்த்தால் அது உண்மை. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டளவில் கம்பனி சாம்பல் நிறத்தை மாற்றிவிட்டது. றொசானின் பெட்டி அதற்கு முந்தியது, ஃபாஸிலுடையது பிந்தியது. உலகம் பூராவும் கோட்டை கட்டுகிறவர்கள் இதற்காக மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே சுவரில் வைத்தால் ஒட்டுப்போட்டு உடுத்த சாரம் மாதிரித் தெரிகிறது என்று அவர்களுக்குக் கவலை.

ஃபாஸிலின் வாடகை அறை அஸ்கிரியவில், மேட்டில். பழைய கதவுப் பலகை ஒன்றை இரண்டு ஸ்டூலுக்கு மேலே போட்டு அங்கேதான் கோட்டையைத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், காலை வெளிச்சம் சரியாக இருக்கிற எட்டு மணியிலிருந்து பத்தரை வரை. முதல் மூன்று கிழமையும் சண்டையிலேயே போனது.

“புதுசை உள்ளுக்கு வைப்பம். வெளியில பழசு. ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார் றொசான்.

“எனக்குத் தெரியும்.”

“பல்லுக் கட்டுறவனோட சுவர் கட்ட வந்தது என்ர பிழை.”

“ரோட்டுக்குத் தார் ஊத்துறவனுக்குக் கலரப் பத்தி என்ன தெரியும்? கறுப்பு ஒண்டுதானே.”

ஒன்று விட்டு ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள், சதுரங்கப் பலகை மாதிரி ஆனது. கண்ணை மூடிக் கொண்டு அள்ளி வைத்துப் பார்த்தார்கள், அம்மை போட்ட முகம் மாதிரி ஆனது. கடைசியில் ஒரு ஞாயிறு றொசான் ஃபாஸிலை ரயிலில் ஏற்றிக் கடுகண்ணாவைக்குக் கூட்டிப்போனார். கணவாய்ப் பாதையில் மலை சரியாமல் கட்டிய பழைய கருங்கல் சுவர்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இப்ப பார். உன்ர அஞ்சு விநாடி.”

ஃபாஸில் பார்த்தார். பழைய கல் பாசி ஏறிப் பழுப்பாக இருந்தது. நடுவே திருத்திய இடங்களில் கல் வெளிறி, நீலம் கலந்து தெரிந்தது. சும்மா அங்கொன்று இங்கொன்று இல்லை. தண்ணீர் வடிகிற வாயடியில், லொறி திரும்புகிற முடக்கில், மரவேர் நுழைந்த பக்கத்தில் என்று கூட்டம் கூட்டமாக இருந்தது.

“எங்க உடையுமோ அங்க புதுசு. மழை சொல்லித் தரும்,” என்றார் றொசான்.

பிறகு ஏழு வருடம் அப்படித்தான் கட்டினார்கள். ஒரு கட்டி வைக்க முந்தி, அந்தச் சுவரில் எந்தப் பக்கம் மழை அடிக்கும், கூரைத் தண்ணீர் எங்கே விழும், எதிரி எந்த மூலையை இடித்திருப்பான் என்று கதைத்து முடிவெடுப்பார்கள். ஒரே கோபுரத்துக்கு இரண்டு மாதம் போன காலமும் உண்டு. சுவரை றொசான் பார்த்தார், நிறத்தை ஃபாஸில் பார்த்தார். உண்மையாகவே அந்தக் கோட்டைக்கு வயது இருந்தது. முந்நூறு வருடம் நின்று, நாலு தரம் உடைந்து, நாலு தரம் திருத்தப்பட்டது போல இருந்தது.

அதற்குள் றொசானுக்குக் கலியாணம் ஆனது, மகன் பிறந்தான். நாலு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு மெல்பேர்ணுக்குப் போனார். பெட்டி கட்டுகிற நாள் வந்து கோட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இது இஞ்சயே நிக்கட்டும். ஞாயிறு ஞாயிறு வீடியோவில கட்டுவம்.”

முதல் வருடம் கட்டினார்கள். ஃபாஸில் போனைப் போத்தலில் சாய்த்து வைப்பார். “இடப்பக்கம் மச்சான், இன்னும் ஒண்டு கீழ,” என்று அங்கிருந்து குரல் வரும். இரண்டாம் வருடம் இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஆனது. மூன்றாம் வருடம் நோன்பு, நத்தார், பிறந்தநாள் மட்டும். பிறகு ஃபாஸில் எடுத்தால் “வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்” என்ற செய்தி வரும். கடைசியாகக் கதைத்து எட்டு மாதமாகிவிட்டது. வடக்குச் சுவர் அரைவாசியில் நின்றது. ஃபாஸில் ஞாயிறு காலையில் பலகைக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். கட்டமாட்டார். தூசி மட்டும் துடைப்பார்.

“நானா, அந்தப் பொம்மக் கட்டிய அள்ளி ஒரு பெட்டில போட்டா அறைல ஒரு கட்டிலாவது பெருசாப் போட ஏலும்,” என்பாள் தங்கை றிப்தா, அக்குறணையிலிருந்து வருகிற நேரமெல்லாம்.

“எனக்கு எதுக்குப் பெரிய கட்டில்?”

“அதத்தான் நானும் கேக்கிற.”

போன ஜூன் மாதம் றொசானின் தங்கை கோசலா லாபுக்கு வந்தாள். வங்கியில் வேலை, லீவு எடுத்து அண்ணனிடம் போகிறாளாம்.

“ஃபாஸில் அண்ணா, பெடியனுக்கு இப்ப ஆறு வயசு. லெகோ எண்டா விசர். அண்ணா சொன்னவர், உங்களிட்டக் கிடக்கிற தன்ர பழைய கட்டியளை என்னட்டக் குடுத்துவிடச் சொல்லி.”

ஃபாஸில் கையிலிருந்த பல்லை மேசையில் வைத்தார்.

“அவன் எனக்கு ஒண்டும் செல்லல்லயே.”

கோசலா கைப்பையின் வாரைத் திருகினாள். “அவருக்குச் சரியான வேலை அண்ணா. என்னட்டயும் மெசேஜ்தான்.”

“எப்ப போற?”

“வாற வெள்ளி.”

“வியாழன் பின்னேரம் வாங்க. எடுத்து வெக்கிறன்.”

கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. கட்டி றொசானுடையது, கேட்பது அவருடைய பிள்ளைக்கு. கோட்டை உடையும் என்று றொசானுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை நேரே கேட்கவில்லை, அதுதான் ஃபாஸிலைக் கடித்தது.

அந்த ஞாயிறு எட்டு மணிக்கு அவர் பிரிக்கத் தொடங்கினார். கோபுரத்தின் தலையிலிருந்து ஒவ்வொன்றாக. பழசு இடப்பக்கம் வைத்த கழுவுகிற பேசினுக்குள், புதுசு வலப்பக்கப் பேசினுக்குள். வேறு யாராக இருந்தாலும் பாதி பிழைத்திருக்கும். ஃபாஸிலுக்கு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கண் களைத்தபோது மட்டும் அறைச் சுவரைப் பார்த்தார். சுவரும் சாம்பல்தானே, கண் களைத்ததும் சாம்பலைப் பார்த்துத்தான், அதனால் ஆறவும் இல்லை. கோட்டையின் கிணற்றடி மூலைக்கு வந்தபோது கை நின்றது. அங்கே ஏழு புதுக் கட்டி. அந்த ஏழுக்காக ஒரு மார்கழி முழுக்கச் சண்டை பிடித்தார்கள். இப்போது அது ஏழு பிளாஸ்டிக் கட்டி.

பத்து மணிபோல இரண்டு பேசினும் நிறைந்திருந்தன. கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்போதுதான் ஃபாஸிலுக்கு அந்த எண்ணம் வந்தது. நல்ல எண்ணம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

புதுசைக் கொடுத்துவிட்டால்?

பிள்ளைக்கு எதுவானாலும் ஒன்றுதான், புதுசு இன்னும் இறுக்கமாகப் பொருந்தும். கோசலாவுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். பெட்டியைத் திறந்ததும் றொசான் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும், திட்டுவதற்காவது எடுப்பார். “டேய் கள்ளா, இது உன்ரயெல்லோ,” என்பார். அந்தக் குரலை ஃபாஸில் அறைக்குள்ளேயே கேட்டார்.

வியாழன் பின்னேரம் கோசலா வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். ஒட்டிய டேப்பைத் தட்டிப் பார்த்து, “கவனமாக் கொண்டு போறன் அண்ணா,” என்றாள். ஃபாஸிலால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு காத்திருந்தார். மெல்பேர்ண் நேரத்தைப் போனில் போட்டுவைத்தார். லாபில் போன் சத்தம் வந்தால் பீங்கான் மாவு குழைக்கிற கையோடே எட்டிப் பார்த்தார். ஒரு கிழமை. கோசலா போய்ச் சேர்ந்திருப்பாள், பெட்டி இன்னும் திறந்திருக்காது. இரண்டு கிழமை. ஒரு நாள் முன்பல் ஒன்றுக்கு நிறம் பிழைத்து, செய்ததை உடைத்து மறுபடி செய்தார். பத்தொன்பது வருடத்தில் அப்படி நடந்தது மூன்றே தரம்.

மூன்றாம் கிழமை செவ்வாய், மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஒரு படமும் ஒரு குரல் செய்தியும் வந்தன. படத்தில் சுருட்டைத் தலையோடு பையன், முன்னால் ஒரு சின்னக் கோபுரம். ஃபாஸில் விரலால் பெரிதாக்கினார். எல்லாம் அவருடைய கட்டி. நீலம் கலந்த சாம்பல், முழுக்க. குரல் செய்தியைக் காதோடு வைத்துக் கேட்டார்.

“மச்சான், பெரிய நன்றியடா. பெடியன் விடுறானில்ல. எனக்கும் கண் கலங்கிட்டுது. பழசு பழசுதான் மச்சான், அந்தக் கலரைக் கண்டாலே தெரியும்.”

ஃபாஸில் சோற்றுப் பார்சலை மூடி வைத்தார். ஜன்னலடிக்குப் போய், எட்டு மாதத்துக்குப் பிறகு, யோசிக்காமல் அழைத்தார். றொசான் எடுத்தார்.

“மச்சான், நான் ஒரு பிழை செஞ்சிட்டன். நான் அனுப்பினது என்ட கட்டி. ஒன்டது இங்கதான் ஈக்கிது.”

“என்ன?”

“புதுசு மச்சான் அது. நீ கண்டுபிடிச்சு ஏசுவாய் எண்டு நெனச்சன். பழசத் தபால்ல போடுறன்.”

றொசான் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. ஃபாஸில் கோபத்தைத்தான் எதிர்பார்த்திருந்தார்.

“நீ இன்னும் மாறேல்லயடா. சாம்பல் சாம்பல்தானே மச்சான், பிள்ளைக்கென்ன தெரியும்? வீண் செலவு செய்யாத.”

“பிள்ளைக்கில்ல. ஒனக்குத் தெரியல்லயா?”

“இருவது வருசமாச்செல்லோ,” என்றார் றொசான். கணக்கும் பிழை, பதினொரு வருடம்தான். “அது உன்னட்டயே கிடக்கட்டும். நான் இப்ப வேலையில, பிறகு எடுக்கிறன் என்ன.”

“ஓ மச்சான். சலாம் செல்லு வீட்ட.”

லாபின் மற்ற மேசைகளில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஃபாஸில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, மூன்று மணிக்குக் கொடுக்கவேண்டிய கடைவாய்ப் பல்லை முடித்தார். நல்ல பல். அதைச் செய்யச் சொன்ன டாக்டர் பிறகு பாராட்டி அனுப்பினார் என்று கேள்வி.

ஞாயிறு காலை மழை இல்லை. பேசினில் பழைய கட்டி மட்டும் இருந்தது, இனி அது அவருடையது. கொடுத்தது நட்போ கவலையீனமோ, கொடுத்தாயிற்று. கொழும்பில் கட்டி விற்கிற ஒரு ஆளிடம் சொல்லி வாங்கிய ஒரு சிறு பை புதுசையும் பக்கத்தில் கொட்டினார். வெறும் பலகையில், வடக்குச் சுவர் மறுபடி எழும்பவேண்டிய இடத்தில், மழை முதலில் அடிக்கிற மூலையில், நீலச் சாம்பல் மூன்று வைத்தார். நாலாவதைப் பிடித்துக்கொண்டு, “இது போதுமா?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

கீழே வீதியில் ஒரு முச்சக்கரவண்டி மேட்டை ஏற முடியாமல் முனகிக்கொண்டு போனது. ஃபாஸில் சுவரை ஐந்து விநாடி பார்த்தார்.

“போதும்,” என்று தானே சொல்லிக்கொண்டு, பழசில் ஒன்றை எடுத்தார்.