முன்சக்கரப் பிடி

சங்கரன்கோவில்ல ஒரு பொம்பளை காரு ஓட்டுனா இப்பல்லாம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாவ. வேகமா ஓட்டுனாத்தான் பாப்பாவ. அந்தக் காரோட கியரப் பத்தியும் டயரப் பத்தியும் அவ வாயத் தொறந்து பேசிட்டாளோ, போச்சு, ஊர்ல உள்ள அத்தனை ஆம்பளைக்கும் நாக்குல அரிப்பு எடுத்துரும். "பின்னால ரெண்டு மணல் மூடைய ஏத்திக்கிடுங்க மேடம், டயரு கும்முன்னு பிடிக்கும்." இதச் சொன்ன ஆளு பெட்ரோல் பங்க்ல டயருக்குக் காத்து அடிக்க வந்து எனக்குப் பின்னால நின்னவரு. என் வண்டி முன்சக்கரம் இழுத்து ஓடுத வண்டி. பின்னால பாரம் ஏத்துனா முன்னால லேசாயிரும், இருக்குத பிடியும் போயிரும். அதச் சொன்னேன். "அதெல்லாம் இல்ல மேடம், நான் இருவது வருஷமா டிராக்டர் ஓட்டுதேன்"ன்னாரு. டிராக்டரு இழுக்குதது பின்சக்கரத்துல. இந்தக் கூறுகெட்ட பேச்சக் கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டாத நாளே கிடையாது.

நான் பொம்பளைகளுக்குக் காரு ஓட்டச் சொல்லிக் குடுக்குதவ. அது போவ, சொந்தமா ஒரு வண்டி வச்சிருந்தேன். சின்ன வண்டிதான், ஆனா டர்போ என்ஜின். கம்பெனி குடுத்த வலு பத்தாதுன்னு நான் வேற கொஞ்சம் ஏத்தி வச்சிருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவ கோவில்பட்டி தாண்டி ஒரு தார் மைதானத்துல போட்டி நடக்கும். கூம்பு கூம்பா வச்சு வளைவு வளைவாப் பாதை போட்டிருப்பாவ. ஒவ்வொரு வண்டியாத்தான் விடுவாவ, ஆளுக்கு ரெண்டு தடவ. யாரு குறைஞ்ச நேரத்துல சுத்தி வாறாவளோ அவியளுக்குக் கப்பு.

முந்தின வருஷம் நான் ரெண்டாவதா வந்தேன். தோத்த இடம் எனக்கு நல்லாத் தெரியும். பாதை கொண்டை ஊசி மாதிரி மடங்குத ஒரு இடம். அங்கன ஃபர்ஸ்ட் கியர்ல மிதிச்சா முன்சக்கரம் புகையா சுத்தும், செகண்ட் போட்டா என்ஜின் மூச்சு விட முடியாமத் திணறும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது. அன்னைக்கு வீட்டுல நாத்தனாருமாரு ரெண்டு பேரு முன்னால என் வீட்டுக்காரரு சொன்னாரு: "அடுத்த வருஷம் கப்பு வந்தா வண்டி நிக்கட்டும். வரலேன்னா வித்துருவோம். என்னட்டி, சரிதான?" எனக்குக் கோவம் மூக்குக்கு மேல. "சரி"ன்னுட்டேன். என் வண்டிய வச்சுப் பந்தயம் கட்ட இவரு யாருன்னு கேக்கத் தோணல பாருங்க. அந்த ஒரு வார்த்தைக்கு என்னைய நானே செருப்பால அடிச்சுக்கிடணும்.

வேலைக்கு ஆள் தேடினேன். கரிவலம்வந்தநல்லூர் ரோட்டுல ஒரு அண்ணாச்சி பட்டறை வச்சிருந்தாரு. லாரி, டிராக்டர், நெல் அறுக்குத மிஷின் எல்லாம் பாப்பாரு. காருக்குக் கியர்பாக்ஸ் இறக்கினவரு, ஆனா இந்த மாதிரி வேலை செஞ்சதில்ல. அவருட்ட விளக்கிச் சொன்னேன். வளைவுல உள்பக்கத்துச் சக்கரம் லேசாயிரும். என்ஜின் போடுத வலுவெல்லாம் அந்த லேசான சக்கரத்துக்கே போயி அது சும்மா சுத்தும். வெளிப்பக்கத்துச் சக்கரம் நல்லா ஊனி நிக்கும், ஆனா அதுக்கு ஒண்ணும் வந்து சேராது. எங்க குடும்பமும் அப்படித்தான், கூப்பாடு போடுதவனுக்குத்தான் எல்லாம் போவும்.

"டிராக்டர்ல காலால ஒரு பெடல மிதிச்சா ரெண்டு பின்சக்கரமும் சேந்து பூட்டிக்கிடும். அதே மாதிரி கியர்பாக்ஸுக்குள்ள வெல்டிங் வச்சிருவமாம்மா?"ன்னு அண்ணாச்சி கேட்டாரு.

"வெல்டிங் வச்சா ஸ்டியரிங் திரும்பாது அண்ணாச்சி. இதுல முன்சக்கரந்தான் இழுக்கவும் செய்யணும், திரும்பவும் செய்யணும்."

ரெண்டு கையையும் முன்சக்கரமா நினைச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் "ஆமா"ன்னாரு. நான் காரப் பத்திச் சொன்னதுக்கு இந்த ஊர்ல ஒரு ஆம்பளை "ஆமா"ன்னு சொன்னது அதுதான் முதத் தடவ.

கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டு சாமான் வரவழைச்சேன். ஒண்ணு, சுத்துத சக்கரத்த அடக்கி ஊனி நிக்குத சக்கரத்துக்கு வலுவத் தள்ளுத டிஃபரன்ஷியல். இன்னொண்ணு, கியர்பாக்ஸ் கடைசியில உள்ள பல்சக்கர ஜோடி. பல்லு கணக்கு மாறினா எல்லாக் கியரும் கொஞ்சம் குட்டையாவும், இழுவை கூடும். மேல்வேகம் குறையும், குறைஞ்சிட்டுப் போட்டும், மைதானத்துல எவன் நூத்தம்பதுல போவப் போறான்? செகண்ட் கியருக்கு உசிரு வரணும், அவ்வளவுதான்.

முதத் தடவ பூட்டினதும் நாய் ஊளையிடுத மாதிரி சத்தம் வந்துச்சு. அண்ணாச்சி கியர்பாக்ஸ மறுபடி இறக்கினாரு. பேரிங்குக்கு அடியில வைக்குத தகடு மயிரிழை கனம் கூடியிருந்துச்சாம். மாத்திப் பூட்டினாரு. வளைவுல பின்பக்கம் சாயாம இருக்க அங்கன உள்ள கம்பிய கனமானதா மாத்தினோம். மெத்துன்னு உள்ள ரப்பர்ல டயரு போட்டோம். டயரு காத்தக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சுப் பாத்தோம். ஊருக்கு வெளிய ஒரு நூல் குடோனுக்குப் பின்னால காலியாக் கிடந்த தளத்துல கூம்புக்குப் பதிலா நூல் சுத்துத காலிக் கோன அடுக்கி வச்சு ஓட்டினேன். கொண்டை ஊசியில செகண்ட் கியர்ல மிதிச்சேன். அட என் ராசா! சக்கரம் ஒரு நொடி தடுமாறிச்சு, அப்புறம் வண்டியே என் கையப் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போவுது. நான் வண்டிக்குள்ள இருந்து கத்துனேன். அண்ணாச்சி வெளிய நின்னு துண்ட எடுத்துச் சுத்துதாரு.

போட்டி அன்னைக்கு என் வீட்டுக்காரரு ஒரு வேன் நிறைய ஆள் கூட்டிட்டு வந்திருந்தாரு. தறி யாவாரத்துல பழக்கம், சொந்தம், பந்தம். அவருக்குச் சேலை யாவாரம். தறியில இருந்து இறங்குன சேலைய மினுக்கி மடிச்சு பெட்டியில வச்சாத்தான் விலை போவும்ன்னு நம்புதவரு. ஓட்டுதவங்க எல்லாரும் பாதைய நடந்து பாக்கணும், அது வழக்கம். நான் நடந்து பாத்துட்டுத் திரும்பி வாறேன், என் வண்டியச் சுத்திக் கூட்டம். சந்தனம், குங்குமம், சூடம், நாலு டயருக்கு அடியிலயும் புளியங்குடி எலுமிச்சம்பழம். அதெல்லாம் எனக்கும் சம்மதந்தான், நானும் கும்பிடுதவதான். ஆனா டயரு! கரேல்னு மினுங்குது. ஒரு டப்பா டயர் பாலிஷையும் என் வீட்டுக்காரரு பிரஷ்ஷால அப்பியிருக்காரு.

"தரையில படுத இடத்துலயுமா தேச்சிய?"

"அரைகுறையா விடச் சொல்லுதியா? முழுசாத் தேச்சாத்தான் பாக்க லெட்சணம்."

"ஐயோ, வழுக்குமே! பெட்ரோல் தொட்டுத் துடைக்கணும், ஒரு துணி எடுங்க."

"ஏட்டி, சூடம் காட்டி வச்சிருக்கேன். பத்து பேரு நிக்காவ. மானத்த வாங்காத." பல்லக் கடிச்சுட்டு, சிரிச்ச முகத்தோட இதச் சொன்னாரு.

நின்ன இடத்துல டயரச் சுழட்டினா பாலிஷ் தேஞ்சு போயிரும், ஆனா அப்படிச் சுழட்டக் கூடாதுன்னு அங்கன விதி. துடைச்சாத்தான் உண்டு. என் நம்பரக் கூப்புட்டுட்டாவ. நான் துடைக்கல. எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டுப் போயி கோட்டுல நின்னேன்.

கொடி அசைஞ்சுச்சு. மிதிச்சா வண்டி நின்ன இடத்துலயே நின்னு ஊளையிடுது. ரெண்டு முன்சக்கரமும் சேந்து வழுக்கினா எந்த டிஃபரன்ஷியல் என்ன செய்யும்? கொண்டை ஊசியில ஸ்டியரிங்கத் திருப்புதேன், வண்டி நேராப் போயி ரெண்டு கூம்ப அடிச்சுத் தள்ளிச்சு. இறங்கி வந்து டயரத் தொட்டேன். விரல்ல கரி மாதிரி பிசுபிசுன்னு ஒட்டுது. "பாலிஷ்"ன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள வேன்ல வந்த ஒருத்தரு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாவ. என் வீட்டுக்காரரு எல்லாருக்கும் மேல சத்தமாச் சிரிச்சாரு.

நான் வாய மூடிட்டேன். அந்தப் பழமொழிக்கு பயந்து மூடுனேன், வேற ஒண்ணும் இல்ல. ரெண்டாவது ஓட்டத்துக்கு இருவது நிமிஷம் இருந்துச்சு. ஒரு துணி, ஒரு சொட்டு பெட்ரோல், அஞ்சு நிமிஷ வேலை. அத்தனை பேரு முன்னால குனிஞ்சு, புருஷன் வச்ச பொட்டு மேல கை பட, டயரத் தேச்சுட்டு இருக்க எனக்கு வெக்கமாப் போச்சு. ஆறு மாசம் உழைச்சு வாங்கின பிடிய அந்த வெக்கத்துக்குத் தூக்கிக் குடுத்தேன்.

ரெண்டாவது ஓட்டத்துல பாதி வரைக்கும் வழுக்கல். போவப் போவ பாலிஷ் தேஞ்சு ரப்பர் தரையக் கவ்விச்சு. கடைசி வளைவுகள்ல வண்டி சொன்ன சொல்லு கேட்டுச்சு. கண்ணு மூடித் தொறக்குத நேர வித்தியாசத்துல கப்பு கை விட்டுப் போச்சு. வண்டிய நிறுத்தினதும் அண்ணாச்சி வந்தாரு. உள்ளங்கைய டயரு மேல வச்சுத் தேச்சுப் பாத்தாரு. என் வீட்டுக்காரரப் பாக்கல, என்னத்தான் பாத்தாரு.

"நீ ஏம்மா துடைக்கல?"

அவரு கைய வேட்டியில துடைச்சுட்டு பஸ் ஏறப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்தவன் போனவன் எல்லார்ட்டயும் என் வீட்டுக்காரரு ஒரே பேச்சு: "என்னத்தச் செலவழிச்சு என்ன, பொம்பளை கைக்கு அந்த வண்டி அதிகம்." சிரிச்சுட்டே சொல்லுவாரு. பாவம், அவருக்கு உண்மையிலேயே விளங்கலன்னு நான் நினைச்சேன். சேலை யாவாரிக்கு டயரப் பத்தி என்ன தெரியும், ஆசையிலதான செஞ்சாரு, போட்டும்ன்னு என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்தப் பேச்சு பரவி, என்ட்ட படிக்க வாற பொம்பளைகள்ல நாலு பேரு நின்னுட்டாவ.

சொன்ன சொல்லுக்கு வண்டிய விக்க விட்டோம். தென்காசியில இருந்து ஒருத்தரு பாக்க வந்தாரு. விவரமான ஆளு. வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. நான் காப்பி கொண்டுட்டு வாறேன், அவரு என் வீட்டுக்காரர்ட்ட கேக்காரு:

"போட்டியில முன்சக்கரம் ரொம்ப வழுக்கிச்சாமே சார். கியர்பாக்ஸ்ல ஏதும் கோளாறா? அப்படின்னா விலையக் குறைச்சுச் சொல்லுங்க."

"சீச்சீ, வண்டி மேல ஒரு குறையும் கிடையாது"ன்னாரு என் வீட்டுக்காரரு. ஒரு தயக்கம் இல்ல, ஒரு யோசனை இல்ல. "அன்னைக்கு நாந்தான் டயரு பூரா பாலிஷ் போட்டுட்டேன், அதான் வழுக்கிச்சு. ரெண்டாவது ஓட்டத்துல அது தேஞ்சதும் எப்படிப் பிடிச்சுச்சு தெரியுமா? என் பொஞ்சாதி நல்லா ஓட்டுவா, அவட்டயே கேளுங்க."

ரெண்டு பேரும் என்னப் பாத்தாவ. த்தூன்னு துப்பணும்ன்னு வந்துச்சு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. மைதானத்துல சிரிச்சப்பவே தெரிஞ்சிருக்கு. "ஆமா, நல்ல வண்டி"ன்னு சொல்லி சாவிய வந்தவரு கையில நானே குடுத்தேன்.

இன்னைக்கும் அதே வீடு, அதே சமையல்தான். அவரு தின்ன தட்ட மட்டும் நான் தொடுதது இல்ல.