ஆறுதலா ஏறணும்

பத்து அடி வைத்ததும் ஹயாத்து முகம்மது நின்றுவிடுவார். இரண்டு மூச்சு இழுத்து, மூன்றாவதை நீளமாக விட்டு, பிறகு அடுத்த பத்து அடி. முதுகுப் பையில் பன்னிரண்டு கிலோ உப்புப் பக்கெட்டுகள். கற்பிட்டிக் கடற்கரையில் அவர் ஏறுகிற மணல்மேடு மொத்தத்தில் ஒரு தென்னை உயரம்தான். அதன் உச்சியைத் தொட அவருக்கு இருபது நிமிடம் ஆகும். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் சூரியன் மறையும் மஃரிபு வரை ஏறுவதும் இறங்குவதும்தான். அங்கே மேய்கிற கழுதைகள் அவருக்காக இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை.

"நானா, எந்த மலைக்கு வெளிக்கிட்டீங்க?" என்று வலை காயப்போடுகிறவர்கள் கேட்பார்கள். அவர் நேபாளம் என்று உள்ளதைச் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள்.

"சிரிக்கிற கதை இல்ல. கீழ போறதுக்கு ஆராலயும் ஏலும். மேல போறதுதான் மோசம். அவசரப்படாம ஆறுதலா ஏறணும்."

இதைச் சொல்கிறவர் பத்தொன்பது வருடம் கடலட்டை குளித்தவர். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கி, அடிமணலில் கிடக்கும் அட்டைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறுவதுதான் தொழில். ஏறும்போது அவசரப்பட்டால் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிவிடும். அப்படிப் படுத்த படுக்கையானவர்கள் இந்தக் கரையில் ஒவ்வொரு பள்ளிவாசல் தெருவிலும் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் அவருக்கும் அது வந்தது. இனிக் கடலுக்குள் இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது காற்றில் இழுபட்டுக் கடல்மேல் சறுக்க வருகிற வெள்ளைக்காரரின் பெரிய பட்டங்கள் கிழிந்தால் தைத்துக்கொடுக்கிறார். தையல் இயந்திரத்தைக்கூட மிக மெதுவாகத்தான் மிதிப்பார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் பதுர்தீனின் வீட்டுக்குப் போவார். அதே நாளில் அதே தோணியில் அடிபட்டவர் பதுர்தீன். அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சக்கரக் கதிரையின் முன்னால் குந்தியிருந்து ஹயாத்து முகம்மது அவருடைய கால் நகங்களை வெட்டிவிட்டு எழும்பி வருவார்.

நேபாளத்துக்குப் போக ஆசைப்பட்டவர் உண்மையில் அவருடைய மகள் ஸஹ்னா. கண்டியில் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். அவளும் விடுதித் தோழி ஜுமானாவும் இரண்டு வருடமாகப் போட்ட திட்டம் அது. எல்லையோரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. நினைத்தவர் நினைத்தபடி போய்விட முடியாது. அங்குள்ள ஒரு நிறுவனம் அனுமதிப் பத்திரம் எடுத்துத் தர வேண்டும், வழிகாட்டி கூட வரவேண்டும். இரண்டு பேருக்குக் குறைந்தால் அந்த நிறுவனம் அழைத்துப்போகாது. ஜுமானாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அவள் விலகியதும் ஸஹ்னா இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"வாப்பா கூட வந்தாப் போ. இல்லாட்டி இந்தக் கதையே வேணாம்" என்றார் தாய் ஷஃபீனா. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

ஹயாத்து முகம்மது சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டே, "ஓம், நான் வாறன்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டு அலுமாரியின் கதவில் பயணத் திட்டம் ஒட்டப்பட்டிருக்கிறது. எந்த நாள் எவ்வளவு உயரத்தில் படுக்கை என்று ஸஹ்னா தமிழில் எழுதி வைத்தாள். எட்டாம் நாள் ஒரே மூச்சில் எண்ணூறு மீற்றர். அதைச் சுற்றி அவர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார். "இது கூடாது. இது ஓடி ஏறுற நாள். அவங்களுக்கு எழுது, இதை ரெண்டாப் பிரிக்கச் சொல்லு." ஸஹ்னா எழுதினாள். நிறுவனக்காரர் இரண்டாகப் பிரித்தார். அடுத்த வாரம் பதினோராம் நாளுக்கும் வட்டம் விழுந்தது. ஐயாயிரம் மீற்றருக்கு மேலே ஒருவருக்குத் தலை சுற்றினால் மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று தரம் கேட்டு எழுதுவித்தார். மூன்று தரமும் ஒரே பதில்தான் வந்தது: கூட நின்று, மெதுவாக, கீழே கூட்டி வர வேண்டும். அந்தப் பதிலைப் படித்துக் காட்டும்போதெல்லாம் அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்வதை ஸஹ்னா கவனித்தாள். மலைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அனுமதிப் பத்திரத்துக்கு முன் உடல்நிலைப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டியிருந்தது. கை கால் விறைப்பு, உணர்ச்சிக் குறைவு எப்போதாவது உண்டா என்று ஒரு கேள்வி.

"இல்ல எண்டு போடு."

"வாப்பா, அந்த வருத்தம் வந்ததே."

"அது சுகமாகி ஆறு வருசம். போடு மகள்."

அவள் போட்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம், விடுமுறைக்கு வந்திருந்த ஸஹ்னா தன் பையோடு அவருக்குப் பின்னால் மணல்மேட்டில் ஏறினாள். காற்று மணலை வாரி அடித்தது. தலையைக் குனிந்து அவருடைய தடத்தைப் பார்த்தே நடந்தாள். வலது பக்கம் செருப்பின் அச்சு. இடது பக்கம் ஐந்து விரல்கள். திரும்பிப் பார்த்தாள். இடக் காற் செருப்பு நாற்பதடி கீழே மணலில் பாதி புதைந்து கிடந்தது. அவர் பத்து எண்ணி, நின்று, மூச்சு விட்டு, மறுபடி ஏறிக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து மணலைத் தொட்டாள். இன்னும் சுட்டது. "வாப்பா, கொஞ்சம் இரிங்க" என்று அவரை உட்கார வைத்து இடக் காலைத் தூக்கிப் பார்த்தாள். குதியில் ஒரு தாழை முள் முழுசாக ஏறியிருந்தது. நகத்தால் நெம்பி இழுத்தாள். இரத்தம் வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. வேறு யாரோ ஒருவரின் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்து இப்படி?"

"அண்டைக்கி இருந்து."

"உம்மாக்குத் தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியா."

அவள் கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். தூரத்தில், நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"விறைச்ச காலோட நடந்திருவன் மகள். எனக்குப் பயம் அதில்ல. அண்டைக்கிப் பதினெட்டுப் பாகம், நூறடிக்கு மேல ஆழம். தண்ணி கலங்கி என்ட கையே எனக்குத் தெரியல்ல. என்ட காத்து முடியப் போச்சி. பதுர்தீன் நானாட்ட இரிந்திச்சி. ஒரு குழாய மாறி மாறி வாயில வெச்சு ரெண்டு பேரும் ஆறுதலா ஏறலாம். எத்தனையோ தரம் பழகின வேலை. எனக்குப் பயம் புடிச்சிட்டு. நான் மேல பாஞ்சிட்டன். என்ன மெதுவாக்க அவர் காலப் புடிச்சார். உதறினன். திரும்பவும் புடிச்சார். கடைசி வரைக்கும் அவர் விடல்ல. என்னோட சேர்ந்து அவரும் ஒரே பாய்ச்சலா மேல வந்திட்டார்."

இரண்டு சிலிண்டரும் ஒன்றாக முடிந்துபோயின என்றுதான் ஊருக்குத் தெரியும். அப்படிச் சொன்னவர் அவர்தான். பதுர்தீன் இன்றுவரை அதை மறுத்ததில்லை.

"அங்க மேல உனக்கு மூச்சு முட்டினா நான் என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியா. அதுதான் பத்தடி பத்தடியா ஏறுறன். பயம் வந்தாலும் கால் ஓடாமப் பழக்குறன்."

ஸஹ்னா கீழே போய்ச் செருப்பை எடுத்து வந்து அவருக்கு மாட்டிவிட்டாள். "படிவத்த மாத்தி எழுதுவம் வாப்பா" என்றாள்.

"மாத்தினா உன்ட பயணம்?"

"அதப் பிறகு பாப்பம்."

மாற்றி எழுதியதற்கு மூன்றாம் நாள் பதில் வந்தது. நரம்புச் சோதனை செய்து டொக்டரின் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் சரிவராவிட்டால், அதே வாரத்தில் கொழும்பிலிருந்து இரண்டு பெண்கள் போகிறார்கள், வழிகாட்டியும் பெண்தான், ஸஹ்னாவை அவர்களுடைய அனுமதிப் பத்திரத்தில் சேர்க்கலாம். ஸஹ்னா அதை வாசித்துக் காட்டினாள். ஷஃபீனா கணவரின் காலை ஒருமுறை பார்த்தார். படிவத்தை மாற்றிய அன்றே கால் விறைப்பை ஸஹ்னா அவரிடம் சொல்லியிருந்தாள். "தெரியாத ஆக்களோட இவள் தனியப் போறதா இல்லயா எண்டு நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஹயாத்து முகம்மது அலுமாரிக் கதவுக்குப் போய், தான் போட்ட சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தார். பிறகு, "என்ட காலுக்காக அவள நிப்பாட்ட ஏலா. நான் சரிவராட்டி அவள் அவங்களோட போகட்டும்" என்றார். அன்று முழுவதும் அவரால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

சோதனைக்குச் சிலாபத்துக்குப் போனார்கள். டொக்டர் இளம் வயதுச் சிங்களப் பெண். கட்டிலில் படுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், குத்துவது தெரிந்தால் 'ஓம்' சொல்லுங்கள் என்றார். மீன் வியாபாரிகளோடு பழகிய சிங்களத்தில் ஹயாத்து முகம்மது சரி என்றார். வலக் காலில் ஒவ்வொரு குத்துக்கும் பதில் வந்தது. இடக் காலுக்கு டொக்டர் மாறினார். பெருவிரலில் குத்தினார். ஓம். குதியில் குத்தினார். ஓம். டொக்டர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

தலைமாட்டில் நின்ற ஸஹ்னா வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவருடைய இமைகள் முழுவதும் மூடியிருக்கவில்லை. மயிரிழை இடைவெளியில் கருவிழி டொக்டரின் முழங்கையோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. அந்தக் கருவிழி மெல்லத் திரும்பி அவளிடம் வந்து நின்றது.

"கொஞ்சம் பொறுங்க டொக்டர்" என்றார் ஹயாத்து முகம்மது. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி இரண்டு கண்களையும் மறைத்து வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப குத்துங்க."