அண்ணன் உயிரோடு இருக்கிறான்

முருகேசன் எடுத்த படத்தின் முடிவை ஊருக்கெல்லாம் போட்டு உடைத்தவன் நான்தான்.

திருட்டு வீடியோக் கும்பல் இல்லை. போட்டிக் கம்பெனியும் இல்லை. எல்லோரும் கைகாட்டினார்களே, அந்தத் தியேட்டர் ஆப்பரேட்டர் செல்லத்துரை அண்ணன்... பாவம், அவரும் இல்லை. கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கிற, முருகேசனின் உயிர் நண்பன் என்று ஊரே சொல்கிற ஷாகுல். நான்தான்!

படத்தின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அவன் எந்த முருகேசன் என்று தெரிந்துவிடும். அவன் காதுக்கு எட்டாது என்ற தைரியத்தில்தானே உங்களிடம் சொல்லவே துணிந்தேன்?

நான் ஒரு சினிமாப் பைத்தியம். வெள்ளிக்கிழமை காலையில் கடைச் சாவியைச் சிப்பந்தியிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறவன். கம்பத்தில் வராத படத்துக்குத் தேனிக்குப் போவேன். நல்ல மலையாளப் படம் என்று கேள்விப்பட்டால் மலையேறிக் கட்டப்பனைக்கே போய்விடுவேன். இப்போது வருகிற படங்களைப் பற்றிக் கேளுங்கள், பொழுது போவது தெரியாமல் பேசுவேன். நாயகன் துப்பாக்கியைத் தொடாத பெரிய படம் ஒன்று வந்து எவ்வளவு காலமாயிற்று! கதையைப் பாதியில் நிறுத்தி, மீதி அடுத்த பாகத்தில் என்று வெளியே அனுப்பிவிடுகிறார்கள். திட்டிக்கொண்டே வருகிறேன்... அடுத்த பாகத்துக்கும் முதல் ஆளாய்ப் போய் நிற்கிறேன். பழைய படங்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடி வெளியிடுகிறார்களே, அதில் பாட்டு வந்ததும் திரைக்கு முன்னால் போய் ஆடுகிற நரைத்த தலைகளில் என் தலையும் ஒன்று.

சின்னப் படங்கள்தான் என்னைக் கொல்கின்றன. பெரிய பெயர் எதுவும் இல்லாமல் வெள்ளிக்கிழமை வந்து, அடுத்த வாரம் அவற்றின் போஸ்டர் மேல் வேறு போஸ்டர். காலியான இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவற்றைப் பார்க்கிறேன். முருகேசனின் படமும் அப்படிப்பட்டதுதான்.

அவன் காமயகவுண்டன்பட்டிக்காரன். பள்ளியில் ஒரே பெஞ்சு. அவனுக்கு நான் மாப்ள, எனக்கும் அவன் மாப்ள. படிப்பு முடிந்து நான் அத்தாவின் கடையில் உட்கார்ந்தேன். அவன் சென்னைக்குப் போய் யார் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்து, தலை லேசாக வழுக்கை விழுந்த பிறகு ஒரு கதையோடும் ஒரு தயாரிப்பாளரோடும் திரும்பி வந்தான்.

எளிய கதை. காணாமல் போன அண்ணனைத் தம்பி தேடுகிறான். அண்ணன் இறந்துவிட்டதாக ஊர் சொல்கிறது, போலீஸ் சொல்கிறது, பெற்ற தாயே சொல்கிறாள். படம் முழுக்க நாமும் அந்தத் தம்பியோடு அலைகிறோம். கடைசியில், கம்பம் மார்க்கெட்டின் நெரிசலில், அண்ணன் ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு திராட்சை வாங்கிக்கொண்டு நிற்கிறான். தம்பி பார்க்கிறான். கூப்பிட வாயெடுக்கிறான்... கூப்பிடாமலே திரும்பி நடக்கிறான். அவ்வளவுதான். அண்ணன் இருக்கிறானா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியில்தான் அந்தப் படம் மூச்சுவிட்டது.

அந்த மார்க்கெட் காட்சியில், அண்ணனுக்குப் பின்னால் வாழைத்தாரை எடுத்து வைக்கிறவன் நான்!

"கேமராவ மட்டும் பாத்துராத மாப்ள" என்று முருகேசன் படித்துப் படித்துச் சொன்னான். நான் பார்த்துவிட்டேன். ஆனால் அண்ணனாக நடித்தவர் அந்த முறைதான் உருகி நடித்திருந்தார் என்று அதையே படத்தில் வைத்துவிட்டான். "ஒன் முழியத் தவிர பூராம் நல்லா வந்துருக்குடா" என்று என் முதுகில் தட்டிச் சிரித்தான்.

வெளியான அன்று முதல் காட்சிக்குக் கடைசி வரிசையில், புரொஜெக்டர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். மனைவி நூர்ஜஹான் காய்ச்சலில் கிடந்ததால் வரவில்லை. அவளுடைய தம்பி, துபாயில் இருக்கும் என் மச்சான், காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான். படத்தில் ஒங்க மூஞ்சி வருதா மச்சான், வருதா மச்சான் என்று.

மார்க்கெட் காட்சி வந்தது. போனை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன்? அரங்கில் எவனாவது போனைத் தூக்கினால், "உள்ள வைங்கப்பா" என்று முதலில் கத்துகிறவன் நானாயிற்றே! அன்று மட்டும் என்ன வந்தது எனக்கு? என் முகம்... அவ்வளவு பெரிய திரையில் என் முகம்! அதற்கு முன்பும் பின்பும் கொஞ்சம் சேர்த்துப் பிடித்தேன். அண்ணன் திரும்புவதும் தெரிந்தது. தம்பி கண்கலங்குவதும் தெரிந்தது. மச்சானுக்கு மட்டும் அனுப்பினேன். அவன் தன் அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்பினான். அவர்கள் யாருக்கு மட்டும் அனுப்பினார்களோ, எனக்குத் தெரியாது.

சாயங்காலம் டீக்கடையில் நிற்கிறேன். அடையாளம் தெரியாத இரண்டு பேர் பைக்கில் சாய்ந்துகொண்டு பேசினார்கள்.

"நம்ம மார்க்கெட்ல எடுத்த படமாம்ல, போவமா?"

"அட போடா, அண்ணன் சாகலயாம். கடைசில உயிரோடதான் நிக்கிறான். இந்தா, வாட்ஸ்அப்புல வந்துருச்சு பாரு."

போனை நீட்டினான். எட்டிப் பார்த்தேன். என் முகம் இருந்த பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் நின்றான்.

அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? ஐயோ, முருகேசா என்றா? இல்லை... நல்லவேளை, என் முகம் இல்லை! இதைத்தான் நினைத்தேன். போனை எடுத்தது ஆசை. அதை மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். இந்த நினைப்பை என்ன செய்வீர்கள்?

மறுநாள் மத்தியானக் காட்சிக்கு ஆளே இல்லை. தியேட்டர் வாசலில் நிறுத்தியிருந்த என் பைக்கின் மேல் முருகேசன் உட்கார்ந்திருந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் மாப்ள. அடிக்கவா போறேன்? ஏன்டா செஞ்சன்னு ஒரே ஒரு தடவ கேக்கணும்."

"கண்டுபிடிச்சிரலாம்டா" என்றேன்.

கண்டுபிடித்துவிடலாம்! இந்த வாய்தான் சொன்னது.

நான் கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டிய அவசியமே வரவில்லை. பின்னாலிருந்து, உயரத்திலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது, ஆப்பரேட்டர் அறையிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும் என்று படக் கம்பெனிக்காரர்கள் முடிவுகட்டினார்கள். தியேட்டர் முதலாளியை நெருக்கினார்கள். சேதியைக் கொண்டுவந்தவள் நூர்ஜஹான்.

"செல்லத்துரை அண்ணன வேலைய விட்டு நிறுத்திட்டாகளாம். அவரு சம்சாரம் அழுதுக்கிட்டு நிக்கிது. நீங்க இங்கன உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருக்கீக."

அவளுக்குத் தெரியும். தம்பி சொல்லியிருந்தான்.

"போயிச் சொல்லிருங்க. ஒரு பேச்சுத்தான் பேசுவாக. வாங்கிக்கிருங்க."

சொல்கிறேன் என்றேன். நாளைக்கு... வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து... முருகேசன் கொஞ்சம் தேறட்டும்... அவள் கேட்பதை ஒருநாள் நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம்.

எனக்கு நானே சாக்குச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. அடுத்த வாரமே ஒரு பெரிய நடிகரின் படம் வந்து எல்லாத் தியேட்டரையும் வாரிக்கொண்டது. நான் அனுப்பாமல் இருந்தாலும் முருகேசன் படம் எத்தனை நாள் நின்றிருக்கும்? முடிவு வெளியே கசியாமலே ஓடாமற்போன படங்கள் எத்தனை! இருக்கலாம். ஆனால் ஓடியிருக்கவும் கூடும் அல்லவா? அந்த வாய்ப்பைத் திருடியவன் நானல்லவா? இரண்டாம் படத்துக்கு யாரும் அழைக்காமல் முருகேசன் ஊரிலேயே தங்கிக் கல்யாண வீடியோ எடுத்தான். என் தங்கை மகளின் நிக்காஹ்வைக்கூட அவன்தான் எடுத்தான். ஒரு சினிமாவுக்கு உழைப்பது போல் விளக்குகளை இழுத்து இழுத்து வைத்தான். பிரியாணித் தட்டோடு அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செல்லத்துரை அண்ணன் இப்போது ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்குள் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போவார். சாயங்காலம் திரும்பும்போது தோட்டக்காரர்களுக்குப் பூச்சிமருந்து வாங்க என் கடைக்கு வருவார். வந்தால் மருந்தை மறந்துவிட்டுப் படம்தான் பேசுவார். சினிமா என்றால் எனக்கு மேல் பைத்தியம்!

"தம்பி, போன வாரம் வந்த படம் பாத்தியா? சண்டையில சவுண்டக் கூட்டிக் கூட்டி, வசனம் வர்ற எடத்துல ஒண்ணும் கேக்கல. வயசான அந்தம்மா என்னமா நடிச்சிருக்கு! அது பேசுறது கேக்க வேணாமா?"

"ஆமாண்ணே."

"தீவாளிக்கு எது வருதாம்?"

சொல்வேன். எந்தப் படம், யார் இசை, முன்னோட்டம் எப்படி இருக்கிறது, எல்லாம் சொல்வேன். இந்த மனிதரோடு படம் பேசுவதுபோல ஒரு சுகம் எனக்கு வேறில்லை. அதுதான் என்னை அறுக்கிறது.

ஒருநாள் அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். "முருகேசன் மேல எனக்கு வருத்தமில்ல தம்பி. அவன் வயிறெரிஞ்சு நின்னான், கம்பெனிக்காரவுக சொன்னத நம்பிட்டான். ஆனா ஒண்ணு, படத்து மேல ஆசை வச்சவன் எவனும் அதச் செஞ்சிருக்க மாட்டான்."

மருந்துப் புட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். அதையே மறுபடி பிரித்து, மறுபடி சுற்றினேன்.

படத்தின் மேல் ஆசை வைத்தவன்தான் அண்ணே செய்தான்... மனசுக்குள்தான் சொன்னேன்.

இப்போது முருகேசனுக்கு மறுபடி நேரம் வந்திருக்கிறது. அந்த முதல் படத்தை யாரோ போனில் முழுசாகப் பார்த்து, தேடிவந்து வாய்ப்புக் கொடுத்தார்கள். இரண்டாம் படம் முடிந்துவிட்டது. போன வாரம் கடைக்கு வந்தான். யூரியா மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தான். முகமெல்லாம் வெளிச்சம். எவ்வளவு காலம் கழித்து அந்த முகத்தை அப்படிப் பார்க்கிறேன்!

"அடுத்த மாசம் ரிலீஸ் மாப்ள. நம்ம ஊருலதான் மொதக் காட்சி பாக்கணும், ஒன் பக்கத்துல உக்காந்து."

"பாப்போம்டா."

"ஒரே ஒரு காரியம். அந்தச் செல்லத்துரை மட்டும் அங்கன வராமப் பாத்துக்க."

"அவரு செஞ்சிருக்க மாட்டாரு மாப்ள" என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

சொல்வதற்கான கதவு திறந்தே இருந்தது. ஒரே வார்த்தை... 'நான்தான்டா.' நாக்கின் நுனி வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். என்னைச் சந்தேகப்படவே தெரியாத முகம்.

"சும்மா... அப்படித் தோணுச்சு."

"நீ எல்லாரையும் நல்லவன்னே நெனப்ப" என்று சிரித்தான். பிறகு கடையில் வேறு யாரும் இல்லையென்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூட்டையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தினான். புதுப்படத்தின் முடிவைச் சொன்னான்!

வேண்டாம், சொல்லாதே என்று கையை ஆட்டினேன். கேட்கவில்லை. "ஒன்ட்ட சொல்லாம யார்ட்டடா சொல்லுவேன்" என்றான்.

அற்புதமான முடிவு. கேட்டு அழுதுவிட்டேன். தன் கதைக்குத்தான் அழுகிறேன் என்று அவன் பூரித்துப் போனான்.

அந்த முடிவை நூர்ஜஹானிடம்கூடச் சொல்லவில்லை. இதோ, உங்களிடமும் சொல்லப்போவதில்லை. இதனால் அது சரியாகிவிடுமா என்ன? ஆகாது... தெரியும்.

நேற்று செல்லத்துரை அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, முருகேசன் படம் வருதாமே! கோவிச்சுக்கிருவானோ என்னமோ... ஆனாலும் மொத நாளே பாத்துரணும்னு இருக்கு. எனக்கும் ஒரு டிக்கெட் போட்டு வையி."

சரி அண்ணே என்றேன். என்னால் வேறு என்ன சொல்ல முடியும்? முன்பதிவு திறந்ததும் எனக்கு ஒரு பக்கம் முருகேசனுக்கும், மறுபக்கம் அவருக்கும் போடப்போகிறேன். அவனும் அவரும் என்னைத் தாண்டித்தான் ஒருவரையொருவர் பார்க்கவேண்டும்.

முருகேசன் கேட்பான். "இவர ஏன்டா கூட்டியாந்த?"

பதில் என்னிடம் இருக்கிறது. அன்றைக்காவது அது வாயைவிட்டு வெளியே வருமா... சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.