பன்னிரண்டிலேயே நின்ற ரேட்

என் அக்காவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பம்பரம் என்றால்தான் தெருவில் தெரியும். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. அங்கே நாளெல்லாம் உட்கார்ந்தே கிடப்பதாலோ என்னவோ, வெளியே வந்தால் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். டீ ஆறுகிற வரைக்கும்கூடப் பொறுமை கிடையாது. கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு டீக்கடைக்காரரைத் திட்டுவாள்.

கல்யாணமான மறு வருஷமே அவள் புருஷன், எங்கள் மாமா, வெல்டர் வேலைக்கு வெளிநாடு போய்விட்டார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அந்த நாட்டில்தான் இருந்தார்கள். அதனால் எங்களுக்குக் காலண்டர் தேவைப்பட்டதே இல்லை. அந்த நாட்டுக் காசு ஒன்றுக்கு நம் காசு எத்தனை என்பதை வைத்தே வருஷத்தைச் சொல்லிவிடுவோம். மாமா போனது ஒன்பதில். அப்போது அக்கா வயிற்றில் இருந்த மகள் பிறந்தது பத்தில். எதிர்வீட்டில் மாடி எழும்பியது பதினாலில். "நான் பன்னெண்டுல வந்த மருமக, நேத்து வந்தவ என்னைக் கேள்வி கேட்கறதா?" என்று சண்டைகூட நடக்கும்.

முக்கில் இருந்த காசு மாற்றும் கடையின் போர்டைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் வேலைக்குப் போவார்கள். நம் காசு சரியச் சரியத் தெருவே சிரிக்கும். அக்கா மட்டும் அந்த போர்டைக் கண்ணாலேயே எரித்துவிடுவாள். ரேட் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் மாமாவின் வருகை தள்ளிப்போனது.

"இப்பதான் சம்பாதிக்கிற நேரம். இப்ப போய் யாராவது கிளம்பி வருவாங்களா?" என்பார் அவர்.

வாரம் ஒரு முறை என் கடைக்குத்தான் பேசுவார். நான் போன் பூத்தும் ஜெராக்ஸ் மிஷினும் வைத்திருந்தேன். அவர் இருந்த இடம் எங்கேயோ ஒரு மூலையில், குழாய் பதிக்கிற முகாம். நம் ஆள் ஒருவரும் இல்லை, நம் பேப்பரும் போகாது. ரேட்டை அக்காவிடம்தான் கேட்டாக வேண்டும். அனுப்புகிற காசும் அந்த நாட்டுக் காசாகவே அக்கா பேரில் பேங்கில் கிடந்தது. அவர் வரும்போது மொத்தமாக மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. எடுத்ததும், "இன்னைக்கு என்ன ரேட்?" என்பதுதான் கேள்வி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு நாள், "பன்னெண்டு" என்று அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"போர்டுல பதினஞ்சு போட்டிருக்கானே அக்கா!"

"எனக்கும் கண்ணு இருக்கு. ரேட் விழுந்துடுச்சுன்னா அங்க என்ன வேலை அவருக்கு? மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடுவாரு. நீ மட்டும் வாயத் தொறந்தே, உன் பல்லு உன் கையில இருக்கும்."

அதற்கப்புறம் போர்டு பதினேழு, பத்தொன்பது என்று ஓடி இருபதைத் தொட்டது. என் பூத்துக்குள் மட்டும் ரேட் குத்துக்கல்லாட்டம் பன்னிரண்டிலேயே நின்றது. மாமாதான் வந்தபாடில்லை. "இந்த ரேட்டுக்கு வந்து என்ன பண்ண? இன்னும் ஒரு வருஷம் ஓட்டிடறேன்" என்றார்.

"ஏறினாலும் அங்கதான், எறங்கினாலும் அங்கதான்! என்ன ஜென்மம் இது!" அக்கா கடைக்கும் தெருவுக்குமாக நடந்தாள்.

"நேரா வாங்கன்னு கூப்பிட்டுத் தொலையேன்" என்றேன்.

"நான் ஏன் கெஞ்சணும்? அவருக்காத் தோணாதா?"

"அப்ப உண்மையான ரேட்டையாவது சொல்லு."

"பன்னெண்டு ஒரே வாரத்துல எப்படி இருபதாச்சும்பாரு. என்னன்னு சொல்ல?"

புலி வாலைப் பிடித்த கதைதான். விடவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ரேட்டும் இருபதிலிருந்து கொஞ்சம் இறங்கிப் பதினெட்டில் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் அந்த முகாமுக்கு நம் ஆள் ஒருவன் புதிதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறான். அவன் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனது நம் பேப்பர். அதில் போட்டிருந்த ரேட்டை மாமா பிரித்துப் படித்திருக்கிறார். இது எங்களுக்கு எங்கே தெரியும்? அந்த வாரம் போன் வரவில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் போனுக்குப் பதிலாக மாமாவே பெட்டியோடு என் கடை வாசலில் நின்றார்.

"எங்க உன் அக்கா? என் காசை எல்லாம் என்ன பண்ணினா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வந்ததும் வராததுமா இதுதான் கேள்வியா? நரம்பில்லாத நாக்குன்னு என்ன வேணாலும் பேசுவீங்களா?" என்று கத்தினேன்.

அப்போதுதான் அக்கா வேலை முடிந்து, சேலையெல்லாம் நூல் பிசிறோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

"பன்னெண்டா, பதினெட்டா?" என்றார்.

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிவிட்டது. என் கடை டிராயரில் வைத்திருந்த பேங்க் புத்தகத்தை எடுத்து ஜெராக்ஸ் மிஷின் மேல் விட்டெறிந்தாள். அவர் புரட்டினார். அனுப்பிய காசு அத்தனையும் அனுப்பியபடியே கிடந்தது.

"அப்புறம் எதுக்குடி பொய் சொன்னே?"

"நீங்க வரணும்னுதான்."

மாமா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம காசுல பத்து லட்சம் சேர்ந்த அன்னைக்கு, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கணும்னு இருந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஊர்க் காசுல அம்பதாயிரம் சேர்ந்துடுச்சு. உங்க ஊர்க் காசு சரியுதுன்னு லாரிக்காரன் ஒருத்தன் வேற சொன்னான். இருபதாவது இருந்தா கிளம்பிடலாம்னு பெட்டியெல்லாம் கட்டி வச்சுட்டுத்தான் உனக்குப் போன் போட்டேன். நீ பன்னெண்டுன்னே. கட்டின பெட்டியப் பிரிச்சுட்டேன்."

அந்த வாரம் போர்டில் இருபது. எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் அக்கா.

"நீ ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

இரண்டு பேரில் யாரைத் திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "லீவு எத்தனை நாள்?" என்றாள்.

"லீவாவது ஒண்ணாவது. காசெல்லாம் போச்சுங்கிற ஆத்திரத்துல வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"அப்ப என்னைத் திருடின்னு நெனச்சுதான் வந்திருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"அட பாவி மனுஷா! இது தெரிஞ்சிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே திருடியிருப்பேனே!"