ரிவர்ஸ் விழாத வண்டி

நவம்பர் குளிரில் எஞ்சின் ஊளையிட்டது, வண்டி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அம்சவேணி கியர் நெம்புகோலை மறுபடி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மறுபடி ரிவர்ஸில் போட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்துப் பார்த்தாள். சத்தம்தான் கூடியது. ஆர்.கே.புரத்தில் அவர்கள் குவார்ட்டர்ஸ் இருந்தது ஒரு முட்டுச்சந்து. உள்ளே போன வண்டி பின்னால் வந்துதான் வெளியேற வேண்டும். எதிர்வீட்டு மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வண்டி வாங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை.

அவளுக்கு இடதுகால் மூன்று வயதிலேயே போலியோவில் போய்விட்டது. இடுப்பிலிருந்து பாதம்வரை இரும்புச் சட்டம், கையில் ஊன்றுகோல். அப்படியே நாமக்கல்லில் படித்து, டைப்பும் ஷார்ட்ஹேண்டும் தேறி, டெல்லியில் மத்திய அரசு ஸ்டெனோ ஆகிவிட்டாள். எல்லாவற்றையும் ஜெயித்தவளுக்குப் பஸ் ஒன்றுதான் அடங்கவில்லை. போன மழைக்காலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போதே பஸ் நகர்ந்து, கீழே விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. ஸ்டெனோவுக்குக் கை போனால் என்ன மிச்சம்? கட்டுப் பிரித்த அன்றே அவள் புருஷனிடம் சொன்னாள்: "ஏனுங்க, நான் இனிமேல் பஸ் ஏற மாட்டனுங்க. கார் ஓட்டப் போறேன்."

புருஷன் பெரியண்ணன் மோதி பாக் பக்கத்தில் ஒரு பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். அவனுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஷிப்ட் வேலை. சிரித்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

கிளட்ச் மிதிக்க இடதுகால் வேண்டும். கிளட்ச் இல்லாத கார் என்றால் ஆட்டோமேட்டிக் கியர், அதாவது வெளிநாட்டு வண்டி. ஏதோ தூதரகத்துக்காரர் விட்டுப்போனதை ஒரு ராணுவ டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். படகு போல நீளமான அமெரிக்க வண்டி, நிறம் வெளுத்து, கதவு முனகிக்கொண்டு. கைவசம் இருந்ததையெல்லாம் போட்டு வாங்கினார்கள். டாக்டர் சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "எஞ்சின் கிடக்கட்டும். கியர் ஆயிலைப் பார்த்துக்கொள். எஞ்சின் ஓடினால்தான் கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும். வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க மட்டும் விடாதே, உள்ளே எல்லாம் காய்ந்து எரிந்துவிடும்."

அந்த நவம்பர் காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளி வண்டியைச் சந்திலிருந்து வெளியே எடுத்தார்கள். முன்னால் போகும் கியர் எப்படியோ பிடித்தது. நேரே கரோல் பாக்கில் ஒரு சர்தார்ஜி ஒர்க்ஷாப்புக்குப் போனாள்.

சர்தார்ஜி கியர் எண்ணெயின் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தார். நுனியில் ஒட்டிய எண்ணெய் பழுப்பாக இருந்தது, கருகிய வாசனை. அளவும் அடியில் கிடந்தது. உதட்டைப் பிதுக்கினார். "பஹன்ஜி, இதெல்லாம் இங்கே ஓடாது. இந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அம்பாசடர் கியர்பாக்ஸ் வைத்துத் தருகிறேன். கிளட்சும் புதுசு. உங்கள் பேரன்கூட ஓட்டலாம்."

அம்சவேணி ஊன்றுகோலால் புடவைக்கு மேலேயே இடதுகாலைத் தட்டினாள். டங்கென்று இரும்புச் சத்தம். சர்தார்ஜி தலையைக் குனிந்துகொண்டார். "அச்சா," என்றார் மெதுவாக. அப்புறம் அந்தப் பெட்டிக்கான சிவப்பு எண்ணெய் தேடிப் பையனை அனுப்பி, வாங்கி வந்ததை ஊற்றிக் கொடுத்தார். ரிவர்ஸ் விழுந்தது. அன்றைக்கு அவள் மலை மந்திர் முருகனைக் கீழ்ச் சாலையிலிருந்தே கும்பிட்டுவிட்டு வீடு வந்தாள்.

நாலு நாளில் மறுபடி அதே கதை. ஊற்றினால் ஓடும், நாலு நாளில் வற்றிவிடும். எங்கே போகிறது? வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தாள். காலையில் பார்த்தால் ஒரு சொட்டு கறை இல்லை. ஒழுகாத பாத்திரத்தில் தண்ணீர் குறைந்தால் மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்காதா? அவளுக்குப் பிடித்தது. தூக்கத்தில்கூட அளவுக்கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆபீசுக்குப் போகும் நேரம் தினம் தினம் தவறியது. அவளுடைய அதிகாரி ராமசுப்ரமணியன் முதலில் முறைத்தார், பிறகு மெமோ கொடுத்தார். "டிராபிக் சார்," என்று மட்டும் சொன்னாள்.

தை பிறக்குமுன் ஒருநாள் தௌலா குவான் சந்திப்பில், சிக்னல் விழுந்தபிறகு, வண்டி முன்னாலும் போகவில்லை. பின்னால் பஸ், லாரி, ஸ்கூட்டர் எல்லாம் ஹாரனை அமுக்கிப் பிடித்தன. ஒரு லாரிக்காரன் சுற்றி வந்து முன்னால் நிறுத்தி, இறங்கி, நல்ல மனசோடு முன்பம்பரில் கயிற்றை மாட்டினான்.

"கீஞ்சோ மத், பையா! இழுக்காதே, உள்ளே எரிந்துபோகும்!"

அவன் காதில் வாங்கவில்லை. லாரிப் பக்கம் போய்விட்டான். அம்சவேணி கதவைத் திறந்து, சட்டத்தைப் பூட்டி, ஊன்றுகோலை ஊன்றி இறங்கி, காருக்கும் லாரிக்கும் நடுவே போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரி உறுமியது. அவள் நகரவில்லை. கத்தவும் இல்லை. ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். கடைசியில் லாரிக்காரன், "பாகல் அவுரத்! பைத்தியக்காரி!" என்று திட்டிவிட்டுக் கயிற்றைக் கழற்றிக்கொண்டு போனான். யாரோ நாலுபேர் வண்டியைக் கையால் ஓரத்துக்குத் தள்ளினார்கள். உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, குரலெடுத்து அழுதாள்.

சர்தார்ஜியின் பையன் சிவப்பு எண்ணெய் கொண்டுவந்து ஊற்றியபின்தான் வண்டி வீடு வந்தது. அன்று இரவு பெரியண்ணன், "வித்துப் போடலாம் அம்சா," என்றான். "இத்தனை சீரழியறதுக்கு வேலைய விட்டுட்டு நீ வீட்டோட இரு."

"வீட்டோட இருந்து? ஜன்னல்ல உக்காந்து போறவங்க வாறவங்களை எண்ணறதுங்களா? அதுக்குத்தான் எங்கப்பன் என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல விட்டாரா?"



ஞாயிற்றுக்கிழமை, அவனை ஸ்டீரிங்கில் உட்காரவைத்து எஞ்சினை முறுக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. இருமினாள். இருமிக்கொண்டே முகர்ந்தாள். கம்பி நுனியில் அடித்த அதே கருகல் வாசனை.

"ஏனுங்க! எண்ணெய் ஒழுகலைங்க. எரியுது! எஞ்சினுக்குள்ள போய் எரியுது!"

கியர்ப்பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழி ஏது? பெரியண்ணன் முதுகு தேயக் கீழே படுத்துத் தேடினான். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தகர டப்பி, அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய். குழாயை உருவினான். காற்று மட்டும் இருக்கவேண்டிய குழாயிலிருந்து எண்ணெய் சொட்டியது.

"டப்பிக்குள்ள ரப்பர் சவ்வு இருக்கும்," என்றான். பம்ப் ஹவுஸில் அவன் மாற்றாத சவ்வா! "அது கிழிஞ்சிருக்கு. எஞ்சின் எண்ணெய உறிஞ்சிக் குடிக்குது."

நோய் தெரிந்துவிட்டது, மருந்துதான் இல்லை. காஷ்மீரி கேட்டில் மோட்டார் சாமான் கடைகள் அத்தனையும் ஏறி இறங்கினார்கள். டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அமெரிக்காவுக்கு எழுதிப் பார் என்று சிரித்தார்கள். ஒட்டுப்போட்டால் சூட்டில் பிய்ந்துகொண்டது. லீவெல்லாம் தீர்ந்தது. மாசி பிறந்தபிறகு, ஒரு பழைய இரும்புச் சந்தையில், கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு நசுங்கிய காருக்கு அடியில் பெரியண்ணன் அதே டப்பியைக் கண்டான். கழற்றி எடுப்பதற்குள் அவன் கையெல்லாம் ரத்தம்.

அதை மாட்டியபின் எண்ணெய் நின்றது, புகையும் நின்றது. ஆனால் எண்ணெய் இல்லாமல் ஓடிய நாட்களுக்குக் கியர்ப்பெட்டி தன் கூலியை வாங்கிக்கொண்டது. ரிவர்ஸ் செத்துவிட்டது, திரும்பவே இல்லை. முன்னால் மட்டும் போகும். அதனால் அம்சவேணி சந்துக்கு வெளியே நிறுத்தினாள், வளைத்துத் திரும்ப இடமுள்ள தெருவில் மட்டும் போனாள். இரண்டு கோடைக்காலம் அப்படி ஓடியது. தினமும் காலையில் கியர் நெம்புகோலை இழுத்தபின் வண்டி ஒரு குலுக்கலோடு நகரும்வரை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் காத்திருப்பு மட்டும் ஒருநாளும் பழகவில்லை.

இரண்டாம் மழைக்காலத்தில் முன்னாலும் போகாமல் நின்றுவிட்டது. இனி எந்த டப்பியும் உதவாது. ஆபீசுக்குப் போகாமல் வீட்டில் கிடந்தாள், சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டியது ராமசுப்ரமணியன். மெமோவோடு வந்திருக்கிறார் என்று நினைத்தாள். வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்த செத்த காரையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியண்ணன் எல்லாவற்றையும் சொன்னான், அந்த லாரிக் கயிறுவரை.

அடுத்த வாரம் அவரே நிர்வாகப் பிரிவில் போய் உட்கார்ந்து, ஆர்.கே.புரத்திலேயே இருந்த கிளை அலுவலகத்துக்கு அவளுக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தார். ரிக்ஷாவில் போகிற தூரம். உத்தரவை நீட்டும்போது கேட்டார்:

"இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. ஏன்?"

"சொல்லியிருந்தா, இப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை எதுக்குன்னு கேட்டிருப்பீங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"கேட்டுத்தான் இருப்பேன்," என்றார்.