நெஞ்சில் தீயோடு வந்தவர்

தாயில்பட்டியில் மாரித்தாய் வீட்டுக்குள் போகணும் என்றால் செக்கிங் உண்டு. மந்திரியே வந்தாலும் உண்டு. தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். பட்டாசுக் கம்பெனி கேட்டில் வருசக்கணக்காகத் தன்னைச் சோதித்த சோதனையை அவள் ஊருக்குத் திருப்பிச் செய்தாள். ஒரே ஒரு வித்தியாசம். கம்பெனியில் செக்கிங் முடிந்தால் உள்ளே வெடிமருந்து இருக்கும். இங்கே ஒரு கரண்டு அடுப்பும் மாரித்தாயும்தான்.

போன சீசனில் அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. சட்டப்படி அறைக்கு நாலு பேர். சீசன் வந்தால் சட்டம் லீவில் போய்விடும் என்றாலும், அன்றைக்கென்று பார்த்து நாலே பேர்தான் இருந்தார்கள். மாரித்தாய் தண்ணி குடிக்க வாசலுக்கு வந்தாள். மற்ற மூணு பேரும் வரவில்லை. அவளுக்குக் கையும் கழுத்தும் வெந்ததோடு போயிற்று. அந்த மூணு பேர் பெயரை அதற்கப்புறம் அவள் வாய் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் வீடு பொங்கல் விழாவாக இருந்தது. கட்சிக்காரர்கள் ஆப்பிளும் போட்டோ எடுக்க ஓர் ஆளும் கொண்டுவந்தார்கள். செல்லைக் கூடையில் போடுங்கள் என்றதும் ஆறுதல் பாதியில் நின்றது. போட்டோ இல்லாத துக்கத்துக்கு யார் வருவார்? கொழுந்தன் கண்ணுச்சாமி மடியில் பீடிக்கட்டோடு வாசலிலேயே நின்று விசாரித்துப் பார்த்தார். பிறகு தெருமுனையில் நின்று விசாரித்தார். பிறகு விசாரிக்கவில்லை. மகன் பாலகுரு திருப்பூரிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுவான். அவள் செல்போனும் கூடையில்தானே கிடக்கும், எழுந்து போவதற்குள் அடித்து ஓய்ந்துவிடும்.

சாமியைக் கும்பிடலாம் என்றால், இந்த ஊர்ச் சாமிகளுக்கெல்லாம் நெருப்பு வேண்டியிருக்கிறது. விளக்கு, சூடம், பங்குனியில் தீச்சட்டி. மாரித்தாய் விளக்கை எடுத்துப் பரணில் போட்டாள். தெருவே வேலைக்குப் போய்விடும் பகலில் கோழிகளும் அவளும் மட்டும் இருப்பார்கள். கோழிகளுக்காவது துணைக்குக் கோழி இருந்தது.

அதே கம்பெனியில் வேறு அறையில் வேலை பார்த்த வள்ளித்தாய் மட்டும் விடாமல் வந்தாள். அவள் சர்ச்சுக்குப் போகிறவள். கூடையில் செல்லைப் போட்டுவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, ஏசப்பா கதையைத் தெருச்சண்டை சொல்வதுபோல் சுவாரசியமாகச் சொல்வாள். ஒருநாள் காலண்டரிலிருந்து வெட்டிய ஏசப்பா படம் ஒன்றை எடுத்து நீட்டினாள். மாரித்தாய் குனிந்து பார்த்தாள்.

"நெஞ்சுல என்னது அது, எரியுது?"

"அது அன்பு மதினி. நம்ம மேல வச்ச அன்பு அப்படி எரியுது."

"அன்பா இருந்தா என்ன, தீ தீதான். வெளிய மாட்டு."

வள்ளித்தாய் சிரித்தபடி வாசலுக்கு எதிரே வேப்பமரத்து ஆணியில் மாட்டினாள். செக்கிங்கில் ஆண்டவரே பெயிலான கதை இப்படித்தான்.

மரத்தடியில் நின்றவர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிற ஆளிடம் எத்தனை நாள் பேசாமல் இருப்பது? ஒரு மத்தியானம் கட்டிலில் இருந்தபடியே, சாப்பிட்டீகளா என்று கேட்டுவைத்தாள். பிறகு கை எரிச்சல், பாலகுருவின் போன், கண்ணுச்சாமியின் பீடி என்று தினமும் புகார் போனது. அவர் செல்லை நோண்டவில்லை, ஆப்பிள் தரவில்லை, கேட்டுக்கொண்டார். ஆனாலும் முக்கியமானதைச் சொல்ல வரும்போது அவள் பேச்சைக் கோழிகள் பக்கம் திருப்பிவிடுவாள். அந்த எரிகிற நெஞ்சைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

ஐப்பசியில் மழை பிடித்தது. வள்ளித்தாய் மகளின் பிரசவத்துக்குச் சாத்தூர் போயிருந்தாள். படம் நனைந்தது. நல்லதுதான், தீ அணைந்துவிடும் என்று மாரித்தாய் கட்டிலில் சாய்ந்தாள். காகிதம் என்னவோ ஊறியது. தீ அணைகிற வழியாக இல்லை. மூஞ்சிதான் மெல்லக் கரைய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் இந்த ஆளும் போய்விடுவார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆணியிலிருந்து எடுத்து, எரிகிற பக்கம் மேலே படாமல் நீட்டிப் பிடித்து, வாசலில் ஒரு கணம் நின்றாள். கால் உள்ளே போக மறுத்தது.

"வாங்க," என்றாள். "உள்ள வாங்க."

தண்ணி வாளிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எட்டப் போய் உட்கார்ந்தாள். அப்புறம் கொஞ்சம் நகர்ந்தாள். மருந்தோடு பழகிய கண் தீயை ஆராய்ந்தது. புகை இல்லை. அங்கி கருகவில்லை. நெஞ்சைக் காட்டும் கையில் ஒரு காயம் இருந்தது. இத்தனை நாள் தீயையே பார்த்ததில் அதை அவள் பார்த்திருக்கவில்லை. வெந்து சுருங்கிய தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"ஒங்களுக்குமா?" என்றாள்.

அப்புறம் சொன்னாள். கருப்பம்மாள், சங்கிலிமுத்து, பானுப்பிரியா. ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்தினாள். பானுப்பிரியா எனக்கும் தண்ணி கொண்டாங்கக்கா என்று கேட்டதைச் சொன்னாள். செம்பு கையில் இருக்கும்போதே வெடித்ததைச் சொன்னாள். மழை விட்டபோதும் அழுதுகொண்டிருந்தாள். பிறகு அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிப்போனாள்.

சாத்தூரிலிருந்து வந்த வள்ளித்தாய், மூஞ்சி பாதி கரைந்த படம் உள்ளே இருப்பதைக் கண்டு பூரித்துப்போனாள். வேறு புதுப்படம் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றாள் மாரித்தாய். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்காவது வரவேண்டும் என்று பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேண்டாம் வள்ளி," என்றாள் மாரித்தாய். "அவருகிட்ட சொல்ல வேண்டியது இன்னும் கெடக்கு."